தண்ணீரைப் பற்றிக் கேட்டால் துபாயிலிருந்து பதில் வருகிறது: என் படிவத்தில் எங்கே தவறு?

வேதாளைத் தம்பி | ஞாயிறு இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு கரையோர ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து படிப்பகம் நடத்துகிறோம். ஊரின் குடிதண்ணீர் நிலவரத்தைக் கணக்கெடுத்து அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கலாம் என்று பேசி முடித்தோம். கூகுள் ஃபார்ம்ஸில் 34 கேள்வி போட்டு, தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் இணைப்பைத் தட்டிவிட்டேன். நான்கு நாளில் 211 பதில். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை.

நேற்று உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஊரில் மொத்தமே 600 வீடுதான். பதில் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியூர், வெளிநாடு. "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்ற இடத்தில் ஒருவர், "நான் துபாயில் இருக்கிறேன், இங்கே தண்ணீர்ப் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்ற கேள்விக்கு 5 முதல் 5000 வரை பதில் இருக்கிறது. பாதிக்கு மேல் போனால் எல்லோரும் வரிசையாக "ஓரளவு திருப்தி". பெண்கள் இருபது பேர்கூடத் தேறவில்லை.

இதைச் சலித்து எடுக்க முடியுமா, இல்லை குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

சாயல்குடி கறார் | ஞாயிறு இரவு 9.40

211 வந்ததே பெரிய விஷயம். துபாய்க்காரர்களை நீக்கிவிட்டு மிச்சத்துக்குச் சதவீதம் போடுங்கள். கிராம சபையில் யார் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்?

தொண்டி நானா | ஞாயிறு இரவு 9.44

அந்தத் துபாய் ஆள் நான் இல்லை. நான் ஷார்ஜா.

கீழக்கரை லாத்தா | ஞாயிறு இரவு 10.25

தம்பி, நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். பேச்சு வகுப்பெடுக்கிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துபாய்க்காரர்களை நீக்குவது லேசு. படிவத்துக்குள் வராமலே போனவர்களை என்ன செய்வீர்கள்? 600 வீட்டில் எத்தனை வீட்டுக்கு உங்கள் இணைப்பு போய்ச் சேர்ந்தது? போன் இருக்கிற வீட்டில் அது யார் சட்டைப் பையில் இருக்கிறது? எத்தனை பேரிடம் கேட்டோம், எத்தனை பேர் சொன்னார்கள் என்று ஒரு விகிதம் போட வேண்டுமென்றால் கீழே ஓர் எண் வேண்டும். ஃபார்வர்ட் ஆகிக்கொண்டே போகிற இணைப்புக்கு அந்தக் கீழ் எண் கிடையாது.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்பு லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை எண்ணிப் பார்த்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன்தான் வெல்வார் என்று எழுதினார்கள். தேர்தலில் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். அந்த முகவரிகளில் பெரும்பங்கு தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார் என்று யோசியுங்கள். அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் தனி ரகம். அதே ஆண்டில் ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் பாடத்தில் நாலு வகைப் பிழை சொல்வோம். பட்டியலிலேயே இல்லாமல் போனவர்களால் வருவது, எல்லோரையும் கேட்காமல் சிலரைப் பொறுக்குவதால் வருவது, கேட்டும் பதில் சொல்லாதவர்களால் வருவது, சொன்ன பதிலே தப்பாக இருப்பது. 211-ஐ 2110 ஆக்கினால் இரண்டாவது மட்டும் குறையும். மற்ற மூன்றும் அப்படியே நிற்கும். உங்கள் படிவத்தில் அந்த மூன்றும்தான் கழுத்தளவு இருக்கின்றன.

வேதாளைத் தம்பி | ஞாயிறு இரவு 10.41

அப்படியானால் எத்தனை பேரைக் கேட்டால் போதும் லாத்தா? நெட்டில் ஒரு கால்குலேட்டர் 384 என்கிறது.

கீழக்கரை லாத்தா | ஞாயிறு இரவு 11.02

அந்த 384 பெரிய மக்கள்தொகைக்கு, 5 சதவீதம் முன்பின் தவறலாம் என்ற கணக்கில் வருவது. உங்கள் ஊர் 600 வீடுதானே. அதே 5 சதவீதத்துக்கு ஏறத்தாழ 235 வீடு போதும். 10 சதவீதம் தவறினாலும் பரவாயில்லை என்றால் 83 வீடு. "பாதிக்கு மேற்பட்ட வீடுகள் தண்ணீரை விலைக்கு வாங்குகின்றன" என்ற அளவுக்குச் சொன்னால் போதும் என்றால், 83 கைக்கு அடக்கமான வேலை.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தால்தான் செல்லும். தானாக வந்து பதில் போட்டவர்களுக்கு "முன்பின் 5 சதவீதம்" என்று அடியில் எழுதுவது, சரிபார்க்காத தராசில் நிறுத்துவிட்டு கிராம் சுத்தமாகச் சொல்வது போல.

மாதிரிக்காரர் | திங்கள் காலை 6.05

சிலரை மட்டும் தேர்ந்து கேட்கிற மாதிரி ஆய்வுகளில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். லாத்தா சொன்னது சரி. செய்யும் விதத்தை நான் சொல்கிறேன்.

முதலில் படிவத்தைத் தொடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து வீடுகளுக்கு வரிசை எண் போடுங்கள். நான்கு பேர் என்றால் ஒன்றரை நாள் வேலை. 600 வீடு வந்ததா? 1 முதல் 7 வரை சீட்டு எழுதி ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். 4 வந்தால் 4, 11, 18, 25 என்று போய்க்கொண்டே இருங்கள். 85, 86 வீடு கிடைக்கும். அந்த வீட்டுக்காரர் கிடைக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டைப் பிடிக்கக் கூடாது. மறுபடி போக வேண்டும், மூன்று முறையாவது. எப்போதும் வீட்டில் இருப்பவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால் வேலைக்குப் போகிறவர்களின் ஊர் கணக்கில் வராது.

ஒரு எச்சரிக்கை. வரிசைக்குப் பத்து வீடு என்று கட்டிய காலனி இருந்தால் பத்தாவது வீடு, இருபதாவது வீடு என்று எடுக்காதீர்கள். எல்லாம் முனை வீடாக வந்து விழும். குழாய் எங்கே இருக்கும்? முனையில். ஊரே குழாயடியில் குடியிருக்கிற மாதிரி அறிக்கை வரும். நான் ஒரு முறை பட்டிருக்கிறேன்.

வீடு வேறு, குடும்பம் வேறு. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பதுதான் அரசுக் கணக்கெடுப்புகளின் அடிப்படை. ஒரு கூரைக்குக் கீழே இரண்டு உலை கொதித்தால் இரண்டு குடும்பம்.

நம் மண்ணிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது. 1971-இல் கொச்சிக்குப் போகும் வரை மண்டபம் முகாமில்தான் தலைமையகம். கடலிலிருந்து எவ்வளவு மீன் கரைக்கு வருகிறது என்று அவர்கள் மதிப்பிடுகிறார்களே, ஒவ்வொரு படகையும் நிறுத்தி எடை போட்டா? இல்லை. இறங்குதளத்தையும் நாளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அன்றைக்கு அங்கே வந்த படகுகளிலும் சிலவற்றைத் தேர்ந்து பார்த்து, அதை வைத்து மாதக் கணக்கை எட்டுகிறார்கள். கடலுக்கே அது போதும் என்றால் உங்கள் ஊருக்குப் போதாதா?

பாம்பன் வாடை | திங்கள் காலை 11.30

தம்பி, படிவத்துக்குத் தலைப்பு என்ன வைத்தீர்கள்?

வேதாளைத் தம்பி | திங்கள் மதியம் 1.10

"குடிநீர் சர்வே" என்று வைத்தேன் அண்ணே.

பாம்பன் வாடை | திங்கள் மதியம் 1.22

நினைத்தேன். கரையில் சர்வே என்றால் சங்கிலி பிடித்துக்கொண்டு வருகிற சர்வேயர்தான். குடிசை போகுமா, பட்டா கிடைக்குமா, ரோடு வருமா என்றுதான் மனசு ஓடும். "கணக்கெடுப்பு" என்று சொன்னாலும் தொல்லை. நிவாரணத்துக்குத்தான் எழுதுகிறார்கள் என்று ஒரு வீட்டை மூன்று குடும்பமாகச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை, புயலுக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் பேர் எழுதிப் பேர் எழுதிப் பழகிய ஊர். எதற்குக் கேட்கிறோம், யாரிடம் கொடுக்கப் போகிறோம், இதனால் பணம் காசு எதுவும் வராது என்று முதல் இரண்டு வரியிலேயே போட்டுவிடுங்கள். யார் கேட்கிறார்கள் என்பதும் வேண்டும். படிப்பகம் என்று பெயர் போட்டால் ஊருக்குத் தெரியும்.

அனுப்புகிற நேரம் இன்னொன்று. எங்கள் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விசைப்படகு ஒரு நாள், நாட்டுப்படகு ஒரு நாள் என்று முறை வைத்துத்தான் போகிறது. நீங்கள் அனுப்புகிற நாளில் பாதி ஆம்பிளைகள் தண்ணீர் மேல் இருப்பார்கள். கரை ஏறும்போது அந்தச் செய்திக்கு மேல் இருநூறு குட்மார்னிங் ஏறியிருக்கும்.

ஓலைக்குடா பாசிப்பொண்ணு | திங்கள் இரவு 8.50

ஆம்பிளைகள் பதில் சொல்லாததுதான் எல்லோருக்கும் கவலையா? தண்ணீர் தூக்குகிறவர்கள் யார்?

என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவர் கையில் இருப்பது பட்டன் போன். எங்கள் தெருவில் ஸ்மார்ட்போன் பெரும்பாலும் அண்ணன் தம்பிமார் கையில். "வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் வருகிறது?" என்று அவர்களைக் கேட்டால் "வருதே, டெய்லி" என்பார்கள். எட்டு மணிக்கு எழுந்திருக்கிறவர்களுக்குக் குடம் நிறைந்திருப்பதுதான் தெரியும். அது விடியற்காலை மூன்று மணிக்கு வந்ததா, காசு கொடுத்து வந்ததா, ஊற்றில் சிரட்டையால் கோரி எடுத்ததா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனவே கேள்வியை "உங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கிறவரிடம் கேட்டுப் பதில் சொல்லவும்" என்றாவது தொடங்குங்கள். அதைவிட நல்லது அவரையே கேட்பது.

அப்புறம் இந்த லிட்டர். யார் வீட்டில் லிட்டர் கணக்கு இருக்கிறது? எங்களுக்குக் குடம்தான், தள்ளுவண்டி என்றால் ஒரு நடைக்கு ஆறு குடம். "நேற்றுக் குடிக்கவும் சமைக்கவும் எத்தனை குடம்?" என்று கேளுங்கள். லிட்டராக்குகிற வேலையை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். குடத்திலும் 12 லிட்டர் பிடிப்பது உண்டு, 15 பிடிப்பது உண்டு. ஒரு தெருவில் நாலு குடத்தை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

வேதாளைத் தம்பி | திங்கள் இரவு 9.15

அக்கா, வெட்கமாக இருக்கிறது. வினாப்பட்டியல் எழுதிய ஏழு பேரும் ஆம்பிளைகள்தான். பழைய கேள்விகளில் சிலவற்றை இங்கே போடுகிறேன். தயவு பார்க்காமல் சொல்லுங்கள்.

3: உங்கள் வீட்டில் குடிநீர் வசதி உள்ளதா? (ஆம் / இல்லை)

7: தரமற்ற குடிநீரால் உங்கள் குடும்பம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளது?

11: குழாய்த் தண்ணீர் தரமாகவும் போதுமானதாகவும் வருகிறதா?

14: தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது? (பொருந்தும் அனைத்தையும் டிக் செய்க: 11 விருப்பங்கள்)

20 முதல் 29 வரை: கட்டம் போட்ட பட்டியல், பத்து வரி, மேலிருந்து கீழாக ஐந்து பத்தி.

கீழக்கரை லாத்தா | திங்கள் இரவு 10.50

3. "வசதி" என்றால் என்ன? குழாய் இருந்தும் காற்று மட்டும் வருகிற வீடு "ஆம்" போடுமா, "இல்லை" போடுமா? குழாயே இல்லாமல் வாசலில் லாரி வந்து நிற்கிற வீடு? "தண்ணீர்" என்பதிலும் சிக்கல் இருக்கிறது. நம் பக்கம் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, புழங்குகிற சப்பைத் தண்ணி என்று மூன்று இருக்கும்போது குடிநீர் என்ற புத்தகச் சொல் எதைப் பிடிக்கும்? ஊர் வாயில் புழங்குகிற சொல்லைப் போடுங்கள். "குடிக்கிற நல்ல தண்ணி நேற்று எங்கிருந்து எடுத்தீர்கள்?"

7. இது கேள்வி இல்லை, தீர்ப்பு. தண்ணீர் தரமற்றது, குடும்பம் பாதிக்கப்பட்டது என்று இரண்டையும் நீங்களே முடிவு செய்துவிட்டு அளவு மட்டும் கேட்கிறீர்கள். ஒரு சொல் எவ்வளவு வேலை செய்யும் தெரியுமா? 1941-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சைத் "தடை செய்ய வேண்டுமா?" என்று ஒரு பாதியிடமும், "அனுமதிக்க வேண்டுமா?" என்று மறுபாதியிடமும் கேட்டார்கள். கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் "அனுமதிக்கக் கூடாது" என்றவர்கள் "தடை செய்ய வேண்டும்" என்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். தடை என்ற சொல்லுக்கு ஆட்கள் தயங்குகிறார்கள்.

11. தரமாக இருக்கிறது, போதவில்லை. இவர் எதில் டிக் செய்வார்? இரண்டு கேள்வியை ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

14. திரையில் நீளப் பட்டியல் வந்தால் மேலே இருப்பதில் விரல் நிற்கும். கீழே இருப்பதை முழுதும் படிப்பதில்லை. காவிரிக் குழாய், லாரி, ஊற்று, கேன் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே "நேற்று எடுத்தீர்களா? ஆம்/இல்லை" என்று கேட்டுப் பாருங்கள். டிக் செய்யச் சொல்வதைவிட அதிகம் "ஆம்" விழும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் ஒரு நொடியாவது நினைத்தாக வேண்டும். பதினொன்றை ஐந்தாறாகக் குறையுங்கள்.

20-29. கணினித் திரையில் அழகாகத் தெரிந்திருக்கும். ஐந்தங்குலப் போனில் அந்தக் கட்டத்தை இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். மூன்றாவது வரிக்கு மேல் யாரும் படிக்கவில்லை, ஒரே பத்தியில் நேர்கோடாகத் தட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். உங்கள் "ஓரளவு திருப்தி" ரகசியம் அதுதான்.

34 கேள்வியும் கட்டாயமா?

வேதாளைத் தம்பி | திங்கள் இரவு 10.58

ஆமாம் லாத்தா. எல்லாவற்றுக்கும் சிவப்பு நட்சத்திரம். ஒருவரே இரண்டு முறை போடக் கூடாது என்று லாகின் செய்யவும் வைத்தேன். முதல் கேள்வியே மாத வருமானம்.

கீழக்கரை லாத்தா | திங்கள் இரவு 11.06

யா அல்லாஹ்.

வருமானம், வயது எல்லாம் கடைசியில். முதல் கேள்வி தலைப்போடு ஒட்டியதாக, யாரும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டாயம் என்று போட்டால் பதில் தெரியாதவர் படிவத்தை மூடிவிட்டுப் போவார், இல்லையென்றால் எதையாவது தட்டுவார். மூடிவிட்டுப் போகிறவரையாவது போனார் என்று தெரிந்துகொள்ளலாம். தட்டினவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. லாகின் கேட்டால் கடவுச்சொல் மறந்தவர்கள் அத்தனை பேரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அதற்குப் பதில், குலுக்கலில் வந்த வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள். இரட்டைப் பதில் தானாகத் தெரியும், துபாயும் உள்ளே வராது.

சாயல்குடி கறார் | செவ்வாய் காலை 7.20

ஆகக் கடைசியில் எங்கே வந்து நிற்கிறோம்? நோட்டு, வரிசை எண், வீடு வீடாக நடை. அப்படியானால் இணையம் எதற்கு? என் தாத்தா காலத்து வேலையாகவே இருக்கிறதே.

மாதிரிக்காரர் | செவ்வாய் காலை 7.55

நியாயமான கேள்வி. இணைப்பை அனுப்புவதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலை என்று தம்பி நினைத்துவிட்டார், அவ்வளவுதான். தேர்வை நோட்டில் செய்யுங்கள். பதில் வாங்குவதை இணையத்தில் செய்யுங்கள். தேர்ந்த 86 வீட்டில் போன் வசதி உள்ளவர்களுக்கு இணைப்பு. மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல், ஒரு வாரத்தில் இன்னொன்று, ஒவ்வொரு முறையும் வாசகத்தை மாற்றி. அதற்கும் வராத வீட்டுக்கும் பட்டன் போன் வீட்டுக்கும் நேரில் போய் அதே படிவத்தை உங்கள் போனில் நிரப்புங்கள். 86-இல் முப்பது பேர் தாமாக நிரப்பினாலும் உங்கள் நடையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், தாளிலிருந்து எக்செலுக்கு ஏற்றுகிற வேலையும் இல்லை. என் காலத்தில் அந்த ஏற்றுகிற வேலையில்தான் பாதிப் பிழை வந்தது.

நேரில் போகிறவர்களுக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவச் செயலி நல்லது. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, கிடைக்கும்போது அனுப்பலாம். தமிழும் நன்றாக வருகிறது. தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். திரையில் படிக்கிறவர் மேலே உள்ள விருப்பத்தைப் பிடிப்பார். நீங்கள் வாசித்துக் காட்டினால் காதில் கடைசியாக விழுந்ததைப் பிடிப்பார். எனவே இரண்டு வழியிலும் கேட்கிற கேள்விக்கு விருப்பங்கள் நாலைந்தைத் தாண்டக் கூடாது. யார் தானே நிரப்பினார், யாருக்கு நாம் நிரப்பினோம் என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரித்துப் பார்க்க உதவும்.

நிரப்பினால் குலுக்கலில் போன் பரிசு என்று ஆசை காட்டாதீர்கள். கேட்கப் போகும்போதே ஒரு பேனாவோ பத்து ரூபாய்ப் பொருளோ கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் அதற்குள்ள மரியாதை தனி. பல நாடுகளில் சோதித்துப் பார்த்த விஷயம் இது.

சாயல்குடி கறார் | செவ்வாய் காலை 8.10

சரி, ஒத்துக்கொள்கிறேன். முப்பது வீட்டு நடை மிச்சம் என்றதும் புரிந்தது.

தொண்டி நானா | செவ்வாய் இரவு 11.35

வெளிநாட்டுக்காரர்களைக் கேலி செய்து முடித்தாயிற்றா? ஒரு விஷயம் சொல்கிறேன். வீட்டில் கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று எனக்குத்தான் தெரியும். அனுப்புகிறவன் நான். அந்தத் துபாய் மனிதருக்கும் ஊர்மேல் அக்கறை இருப்பதால்தான் நிரப்பினார். அவருக்குத் தனியாக மூன்று கேள்வியில் ஒரு படிவம் போடுங்கள், ஊர்க் கணக்கோடு கலக்காமல்.

இன்னொன்று, என் போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் ஏன் கேட்டீர்கள்? வந்த பதில்களை ஏழு பேரும் பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முன்பு ஒரு தன்னார்வ அமைப்பு இப்படித்தான் எழுதிக்கொண்டு போனது. அடுத்த மாதமே என் தங்கைக்கு லோன் வேண்டுமா என்று போன் வரத் தொடங்கியது.

கீழக்கரை லாத்தா | புதன் காலை 6.40

நானா சொல்வது முக்கியம். தனிநபர் தரவைக் காக்க 2023-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சட்டத்தை விட்டாலும், தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பதுதான் சுலபம். உங்களுக்கு வேண்டியது வீட்டு எண் மட்டும். எந்த எண் எந்த வீடு என்ற நோட்டு ஒருவர் பெட்டிக்குள் பூட்டியிருக்கட்டும், மற்றவர்கள் எண்களை மட்டும் பார்த்தால் போதும். கிராம சபை முடிந்ததும் அந்த நோட்டைக் கிழித்துவிடுங்கள்.

வீட்டுத் தலைவர் பெயர் கேட்கிற கேள்வியையும் எடுத்துவிடுங்கள். கீழக்கரையில் வீடு மகள் பெயரில் இருக்கும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார், அவரும் கப்பலில் இருப்பார். யாரை எழுதுவது என்று ஒரு வீட்டில் கால்மணி நேரம் பேச்சு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வேதாளைத் தம்பி | சனி இரவு 10.20

நான்கு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வரிசை எண் போட்டு முடிந்தது. 600 என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு, 617. கரையை ஒட்டிய பதினேழு குடிசைகள் எங்கள் ஏழு பேர் மனதிலும் இல்லை.

34 கேள்வி 12 ஆகிவிட்டது. "இந்தப் பதிலை வைத்துக் கிராம சபையில் என்ன கேட்கப் போகிறோம்?" என்று ஒவ்வொன்றையும் பார்த்தபோது பாதி தானாக உதிர்ந்தது. தலைப்பு இப்போது "நம்ம ஊர் நல்ல தண்ணி: படிப்பகம் கேட்கும் 12 கேள்வி". எழுதும் குழுவில் மூன்று அக்காமார் சேர்ந்திருக்கிறார்கள்.

பத்து வீட்டில் முன்சோதனை செய்தோம். லாத்தா தனிச்செய்தியில் சொன்னபடி, படிவத்தைக் கொடுத்துவிட்டு மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். அங்கே வாங்கிய அடி இருக்கிறதே!

தண்ணீரின் சுவைக்கு "நன்று, பரவாயில்லை, மோசம்" என்று வைத்திருந்தோம். ஒரு பாட்டி பரவாயில்லையைத் தொட்டுவிட்டு, "முன்னைக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்த வீட்டில் ஒரு அண்ணன் அதையே தொட்டுவிட்டு, "என்ன செய்றது, பழகிப்போச்சு" என்றார். ஒரே கட்டத்தில் ஒருவர் திருப்தி, ஒருவர் சலிப்பு.

மதிப்பெண்ணாக வைத்துப் பார்க்கலாம் என்று 1 முதல் 5 என்று மாற்றினோம். தண்ணீரை வாய் ஓயாமல் புகழ்ந்த ஒருவர் 1 போட்டார். கேட்டால், "ஒண்ணாம் நம்பர் தண்ணி தம்பி" என்கிறார்.

ஓலைக்குடா பாசிப்பொண்ணு | சனி இரவு 10.31

ஒண்ணாம் நம்பர்! அம்மாவிடம் சொன்னேன், இன்னும் சிரிக்கிறார்.

கீழக்கரை லாத்தா | சனி இரவு 10.48

1932-இல் லிக்கர்ட் என்ற உளவியலாளர் கருத்தை அளக்க ஐந்து படி அளவுகோல் போட்டபோது இந்த ஒண்ணாம் நம்பர் பிரச்சினை அவருக்கு வந்திருக்காது. நான் இருபது ஆண்டாக வகுப்பில் அதை நடத்துகிறேன், "பரவாயில்லை" இரண்டு பக்கமும் வெட்டும் என்பது எனக்கே இன்றுதான் உறைத்தது. சுவையை மதிப்பெண்ணாகக் கேட்காதீர்கள். "இந்தத் தண்ணியை அப்படியே குடிக்கிறீர்களா, காய்ச்சிக் குடிக்கிறீர்களா, குடிக்கவே எடுப்பதில்லையா?" என்று செய்கிற காரியத்தைக் கேளுங்கள். அதில் குழப்பம் வராது.

வேதாளைத் தம்பி | சனி இரவு 11.03

மாற்றிவிட்டேன். 617-ஐ ஏழால் வகுத்தால் 88 வீடு வருகிறது. சீட்டெடுத்த பிள்ளை 3 எடுத்தாள். அந்தப் பதினேழு குடிசையில் இரண்டு வந்திருக்கின்றன. பழைய 211 பதிலையும் அழித்துவிட்டோம், நம்பரோடு சேர்த்து. வருகிற வெள்ளி இணைப்பு அனுப்பலாமா அண்ணே?

பாம்பன் வாடை | ஞாயிறு காலை 5.15

வெள்ளி வேண்டாம். அன்றைக்கு உங்கள் தெற்குத் தெருவில் கல்யாணம், இங்கேயிருந்தே ரெண்டு வேன் வருகிறது. ஞாயிறு சாயங்காலம் அனுப்புங்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே போகவும் கூடாது. மழை விழுந்துவிட்டால் ஊற்றெல்லாம் இனித்துவிடும், அப்புறம் போய்க் கேட்டால் தண்ணிக்கு என்ன குறை என்பார்கள்.

ஓலைக்குடா பாசிப்பொண்ணு | ஞாயிறு காலை 6.20

அந்தக் குடிசை இரண்டுக்கும் நேரில் யாராவது அக்கா போகட்டும். மத்தியானத்துக்கு மேல் போகச் சொல்லுங்கள். காலையில் ஆள் இருக்காது, ஊற்றடியில் வரிசையில் நிற்பார்கள்.